சகலை கட்டிய சலவைக்கூடம்

அந்தச் சலவைக்கூடத்து மேனேஜருக்கு முதுகுக்குப் பின்னால் 'டிரையர் சார்' என்று பெயர். துணி உலர்த்த இன்னொரு டிரையர் வந்தால்தான் ஆஸ்பத்திரித் துணியும் ஹோட்டல் துணியும் நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று வருஷக்கணக்காக முதலாளியம்மாவின் காதைத் துளைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கறதுக்கு முன்னாடி நம்ம வேலை மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்துடலாம். ஆள் வரச்சொல்லியிருக்கேன்" என்றார் அந்த அம்மா ஒருநாள்.

வந்த ஆளைப் பார்த்ததும் மேனேஜருக்குப் பகீரென்றது. சாட்சாத் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஏற்கெனவே வீட்டில் அவன் புராணம்தான். அவன் கார் வாங்கினான், மாமனாருக்குக் கண் ஆபரேஷன் செய்துவைத்தான், மாமியாரைக் கடல் பார்க்கக் கூட்டிப்போனான். போதாக்குறைக்கு இப்போது அவருடைய அறைக்கே வந்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

சில நாட்களில் திரையில் ஒரு குட்டிச் சலவைக்கூடம் எழும்பியது. சதுரங்கள் இயந்திரங்கள், புள்ளிகள் தள்ளுவண்டிகள். பொத்தானைத் தட்டினால் ஒரு முழு நாள் வேலையும் கண்ணெதிரே மளமளவென்று ஓடி முடிந்தது.

"இங்க பாருங்கண்ணா, டிரையர் பாதி நேரம் சும்மாதான் நிக்குது. ஆஸ்பத்திரித் துணி மொத்தத்தையும் முதல்ல அனுப்பறோம்ல, அதுதான் மடிக்கிற மேஜைல போய் அடைச்சுக்குது. ரெண்டையும் கலந்து அனுப்பினா சரியாயிடும்."

ஆஸ்பத்திரித் துணிதான் முதலில் என்பது மேனேஜர் போட்ட சட்டம். சொந்தக்காரர் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறார். முகம் சுண்டிப்போயிற்று.

"நான் ஏதாவது விட்டுட்டேனாண்ணா?" என்று சகலை கேட்டான்.

மேனேஜருக்கு லிஃப்ட் நினைவுக்கு வந்தது. மதியத்தில் மேல்மாடித் தையல் கம்பெனிக்காரர்கள் அதைப் பிடித்தால் லேசில் விடமாட்டார்கள். துணி கீழே லாரிக்குப் போக வேறு வழி கிடையாது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தார்.

"இல்லப்பா, எல்லாம் வந்தாச்சு."

புது முறையை ஓட்டிப் பார்த்த அன்று, காலையில் வண்டிகள் வழுக்கிக்கொண்டு போயின. மதியம் லிஃப்ட் வாசலில் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. கீழே லாரிக்காரர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மேனேஜருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

முதலாளியம்மா வந்து நின்றார். "இது யார் பண்ணின தப்பு?"

"என் தப்புதாம்மா. ஒரு நாள் முழுக்க இங்கயே நின்னு பாத்திருக்கணும். சரிபண்ணிடறேன்" என்றான் சகலை. மேனேஜர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவன் அவரைக் கைகாட்டியிருந்தால் மல்லுக்கு நின்றிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. நல்லவனாக இருப்பதிலும் முந்திக்கொண்டானே பாவி என்று வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

சாயங்காலம் அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். மேனேஜருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"லிஃப்ட் விஷயம் எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியாம இருக்குமாண்ணா? இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க."

"அப்ப ஏன் அந்தம்மாகிட்ட சொல்லல?"

"சொல்லி? ஞாயித்துக்கிழமை மாமனார் வீட்டுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே உக்காந்து சாப்பிடணும்?"

குத்திக்காட்டுகிறானா என்று அவன் முகத்தைத் துழாவினார். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தையல்காரங்க எப்பெப்ப லிஃப்டப் பிடிப்பாங்கன்னு சொல்றேன், போடு" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். சாப்பாட்டு வேளைக்கு முன்பே ஒரு பங்கு துணியை இறக்கிவிட்டால் திரையில் புள்ளிகள் எங்கும் தேங்கவில்லை. அடுத்த வாரம் நிஜத்திலும் லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின. மடிக்கிற பெண்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார்கள். டிரையர் பேச்சு அதோடு நின்றது. முதலாளியம்மா சகலைக்குக் கைகொடுத்துவிட்டு, பிறகு மேனேஜருக்குக் கொடுத்தார். அந்த வரிசை மேனேஜர் கண்ணில் படாமல் இல்லை.

வீட்டில் மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "தங்கச்சி வீட்டுக்காரர் உங்க எடத்தையே தூக்கி நிறுத்திட்டாராமே!"

"லிஃப்ட் சமாச்சாரம் நான் சொன்னதுதான்" என்றார் வீம்பாக.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு அவள் தங்கைக்குப் போன் போடப் போனாள். அவர் தலையைத் தூக்காமல் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டிருந்தார்.