பின்பாரம்

இரண்டு ஆள்காட்டி விரல்களில் விமானத்தைத் தாங்கி நிறுத்தினாள் சிவப்ரியா. இறக்கையின் அடியில் மார்க்கரால் புள்ளி வைத்த இடத்தில் விரல்கள். மூக்கு ஓர் அரிசி அளவுக்குக் கீழே சாய்ந்து நின்றது. அது போதும். காலை ஆறரை மணிக்கு ஆபீசில் வேறு யாரும் இல்லை. அதனால் அவள் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

வயல்களை மேலிருந்து படமெடுக்கும் இந்த மாதிரி ஆளில்லா விமானங்கள் கம்பெனியில் மூன்று இருந்தன. நுரைப்பலகையில் செய்தவை, ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. பத்து மணிக்கு மேல் கடல்காற்று எழுந்துவிட்டால் மூன்றும் வாலாட்ட ஆரம்பித்துவிடும். திருப்பினால் மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், உடம்பு வேறு பக்கம் வழுக்கும். படம் கலங்கி, யாருடைய நெல் சாய்ந்தது, யாருடையது நிற்கிறது என்றே தெரியாது. எட்டு மாதமாக அந்தக் கலங்கல் படங்களைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். செங்குத்து வால் குட்டை, அதுவும் இறக்கைக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது என்று சேர்ந்த முதல் வாரமே சொன்னாள். முதலாளி சோமசேகரனுக்கு அது காதில் விழ இத்தனை நாள் ஆயிற்று. கடைசியில் தொல்லை தாங்காமல், புது வால் செய்து மாட்ட ஒரு விமானத்தைக் கொடுத்தார். ஒரே சோதனை ஓட்டம். ஒழுங்காகப் பறந்தால் மூன்றுக்கும் அவள் செய்த வால். இல்லையென்றால் இனி வால் பேச்சே எடுக்கக் கூடாது.

காரைக்கால்மேட்டுக் கடலோரப் பொட்டலுக்கு முதலாளியோடும் விமானம் ஓட்டும் ஃபாபியனோடும் அவள் போனபோது அம்மா பெரியநாயகி அங்கே நின்றிருந்தாள். அம்பகரத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"உன்ன யாரும்மா வரச் சொன்னா?"

"நாலு வருஷம் புள்ள ஏரோப்ளேன் படிக்கிதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரு ஏரோப்ளேன கண்ணுல காட்டுனியாடி நீ?"

ரிமோட்டை வைத்திருந்த ஃபாபியன் சிரித்தான். டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் அவனிடம் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தது. பிரான்சில், துலூஸில் சித்தப்பா இருந்தார். விமானம் கட்டுகிற ஊருக்கு அவன் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதில் அவன் தப்பு எதுவும் இல்லை என்று சிவப்ரியாவுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

விமானத்தையும் டேப்பையும் அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு, காற்று பார்க்கக் கரைவரை போய்த் திரும்பினாள். மறுபடியும் விரலில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கடைசிக் கை பட்ட பிறகுதான் கடைசிச் சோதனை என்று ஆபீஸ் சுவரில் எழுதி ஒட்டியதே அவள்தான். ஆனால் முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்கே நம்பிக்கை இல்லை போல என்று நினைத்துவிட்டால்? ஓடிப்போய் வீசினாள்.

விமானம் மூக்கைத் தூக்கியது. அதை இறக்க ஃபாபியன் ரிமோட்டின் குச்சியை முழுக்க முன்னே தள்ளினான். இன்னும் தூக்கியது. அந்தரத்தில் ஒரு நொடி நின்று, ஒரு பக்கமாகச் சரிந்து, மணலில் மூக்கைக் குத்தி நுரையைக் கீறிக்கொண்டது.

"வாலுப் பொண்ணுக்கு வாலு மேலயே கண்ணு," என்றார் சோமசேகரன். "போதும், எடுத்து வைங்க."

சிவப்ரியா மண்டியிட்டுப் பார்த்தாள். வாலடியில் ஒயர் போகும் பொந்தின் டேப் புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. பிரித்தாள். சிவப்புத் துணியில் முடிந்த எலுமிச்சம்பழம்.

கையை மூடிக்கொண்டாள். இதைக் காட்டினால் வால் தப்பித்துவிடும். அம்மாவைப் பற்றி ஆபீசில் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பார்கள்.

"என்னது அது?" என்றார் சோமசேகரன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னே வந்துவிட்டாள். "நாந்தாங்க வச்சேன். அம்மன் கால்ல வச்சுக் குடுத்தது. வெளிய கட்டுனா சிரிப்பாங்கன்னு உள்ள வச்சேன்."

"ஏம்மா! மூணு வாரமா கிராம் கிராமா எடை போட்டு ஒட்டியிருக்கேன்மா!"

"ஒரு எலுமிச்சம்பழத்துக்கா விழும்?" அம்மா எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"நடுவுல வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. கொண்டுபோய்க் கடைசியில வச்சிருக்க. அங்க கனம் ஏறுனா மூக்கு தூக்கிக்கும். அப்புறம் குச்சிய எவ்வளவு தள்ளுனாலும் எறங்காது."

"மாட்டு வண்டியில பின்பாரம் ஏறுனா நொகம் தூக்குமே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

அம்மாவின் முகம் சுருங்கியது. "மாட்டுக் கழுத்து இறுகுமே," என்றாள் மெதுவாக. "எனக்குத் தெரிஞ்சதுதானடி அது."

சிவப்ரியா பழத்தை அம்மாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"ஒரே ஓட்டம்னுதான பேச்சு," என்றார் சோமசேகரன்.

"சார், இது ஓட்டமே இல்ல," என்றான் ஃபாபியன். "முழுசா தள்ளியும் கேக்கல. வால் மேல தப்பில்ல. மூக்குக்கு டேப் அடிச்சா போவும்."

அவர் கடலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் அடிங்க."

டேப் ஒட்டினாள். எல்லோரும் பார்க்க விரலில் நிறுத்தினாள். எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று நிறுத்தினாள். பிறகு வீசினாள்.

ஏறியது. தென்னை உயரம், அதற்கும் மேலே. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஃபாபியன் கடல் பக்கமாகத் திருப்பினான். இறக்கை சாய்ந்தது. மூக்கு திரும்பியபோது காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. வால் தடத்தை விட்டு ஒரு முழம் விலகியது.

நீரின் பளபளப்புக்கு மேலே, மிக மெதுவாக, வால் மீண்டும் மூக்கின் நேர்பின்னால் வந்துகொண்டிருந்தது.