வாளியில் கிடந்த கல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் இருக்கிறது. கண்ணாடித் தொட்டி, மேலே நீல விளக்கு, உள்ளே உப்புத் தண்ணீரும் பவளமும் மீனும். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊராரின் கண்ணைப் பார்த்தது போக மிச்ச நேரமெல்லாம் அதைத்தான் பார்ப்பார். உப்பு ஏறிவிட்டதா, சூடு கூடிவிட்டதா, எந்தப் பவளம் முகத்தைச் சுருக்கிக்கொண்டது என்று அதே கவலை. எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை இருக்கும் டப்பாவைக் காட்டிவிட்டுப் போவார். தொட்டியைச் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவேன். அதற்கும் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற தொட்டிக்காரர்கள் வருவார்கள். இவர் தன் பவளத்தில் ஒரு துண்டை உடைத்துக் கொடுப்பார், அவர்கள் வேறு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அக்கம்பக்கத்தில் பூச்செடிக்குக் கிளை ஒடித்து வாங்குவதில்லையா, அதுபோலத்தான். தெருமுனைத் தையல்காரர் தன் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். அது கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும்.

என் மாமியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கொதிக்க வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. ஸ்பூன், சீப்பு, பல்செட்டு எல்லாம் கொதிக்கும். ரிமோட் வைத்த என் வேன் சாவி சாக்கடையில் விழுந்தது என்று ஒருமுறை அதையும் கொதிக்க வைத்தார். கிருமி செத்ததோ இல்லையோ, சாவி செத்துப்போனது.

அந்த வாரம் ஒரு கல்லின் மேல் பொத்தான் பொத்தானாகப் பழுப்பு நிறப் பவளம் பரவி, பக்கத்தில் இருந்ததையெல்லாம் மூட ஆரம்பித்தது. இவர் கையுறை மாட்டி, கண்ணுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்லை அப்படியே எடுத்து வாளியில் போட்டு பால்கனியில் வைத்தார்.

"யாரும் கையால தொடாதீங்க."

"ஏன், கடிக்குமா?" என்றேன்.

"கை அரிக்கும். அவ்வளவுதான்."

கல் காயக் காய நாற்றம் வீட்டுக்குள் வந்தது. எடுத்துப் போடுங்கள் என்று நானும் நச்சரித்தேன். நாளைக்கு, நாளைக்கு என்றார்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். அன்று பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், கதவைத் திறந்ததுமே குடலைப் புரட்டும் வாடை. சமையலறை முழுக்க ஆவி. பெரிய பாத்திரத்தில் ஏதோ தளதளவென்று கொதித்தது. அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"அந்தக் கல்லுதாம்மா. நல்லா கொதிக்க வெச்சுக் குடுத்தா திரும்பத் தொட்டியில போட்டுப்பான்ல. சந்தோஷப்படுவான்."

"தொட்டீங்களா அத்தை?"

"இடுக்கியாலதான் எடுத்தேன். அவன்தான் கையால தொடாதன்னு சொன்னானே."

அடுப்பை அணைத்துவிட்டு இவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். நான் கேட்டே இராத குரலில் கத்தினார்.

"வெளிய வாங்க! ரெண்டு பேரும் உடனே வெளிய வாங்க. அந்த ஆவிய இழுக்காத."

"அரிக்கும்னுதானே சொன்னீங்க?"

"விஷம். அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, நான் வந்துடறேன்."

அத்தையை அணைத்துப் பிடித்து வேனில் ஏற்றினேன். நாக்கில் இரும்பைத் தேய்த்த மாதிரி இருக்கிறது என்றார். அந்த ருசி என் வாயிலும் இருந்தது, நான் சொல்லவில்லை. பழைய பழக்கத்தில் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் கையை விட்டுவிட்டார். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒருநாளும் ஓட்டாத வேகத்தில் ஓட்டினேன்.

அத்தைக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் அம்மாவுக்கு இந்தப் பவளத்தைப் பற்றித் தெரியவில்லை. தலைதெறிக்க ஓடிவந்த இவர்தான் எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னார். அந்தப் பொத்தானுக்குள் என்ன இருக்கிறது, சூடுபட்டால் எப்படி ஆவியில் கிளம்பும், மூச்சை எப்படிப் பிடிக்கும், மாற்று மருந்து கிடையாது என்பது வரை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். மூச்சைக் கவனித்தபடி காத்திருக்க வேண்டியதுதான் என்று டாக்டர் அம்மா உள்ளே போனார்.

"இவ்வளவும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றார்.

"அப்புறம் ஏன் அரிக்கும்னு சொன்னீங்க?"

"விஷம்னு சொன்னா தொட்டிய வீட்டுல வைக்க விட்டிருப்பியா?"

அறைந்திருப்பேன். உள்ளே அத்தை இருந்ததால் விட்டுவிட்டேன்.

இருட்டும் நேரத்தில்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அத்தையின் இருமல் அடங்கியிருந்தது, மூச்சு மட்டும் இன்னும் இழுத்தது. இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தொட்டிய நாளைக்கே எடுத்துடறேம்மா."

அத்தை முகமூடியை விலக்கினார். "அதுங்க என்னடா பண்ணுச்சு? அதுங்களுக்குப் பேச வராது. உனக்கென்ன வந்துச்சு? வேற என்னென்ன வெச்சிருக்க, சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

இவர் சொல்ல ஆரம்பித்தார். கொட்டும் முள் உள்ள மீன் ஒன்று. கல்லுக்கடியில் ஒரு புழு, தொட்டால் ரோமம் தோலில் ஏறிவிடும். அந்தத் தொட்டியை ஒட்டித்தான் நான் துணி காயப்போடும் கொடி. சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன?" என்றேன்.

"போன ஞாயித்துக்கெழம அதே கல்லுல ஒரு துண்ட உடைச்சு தையல்காரருக்குக் குடுத்தேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அழகா இருக்குன்னு கேட்டாரு. அவர் பொண்ணும் கூட நின்னுது. நான் எதுவும் சொல்லல."

என் போனில் தையல்காரர் எண்ணை அழுத்தி இவர் கையில் திணித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது அந்தச் சின்னப் பெண். அதன் குரல் எனக்கும் கேட்டது.

"அப்பாவால வர முடியாது அங்கிள். கையெல்லாம் ஈரம். நீங்க குடுத்த கல்ல பிரஷ் போட்டுத் தேய்க்கிறாங்க."

இவர் என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றேன்.

"பாப்பா, நீ கிட்டப் போகாத. அங்க நின்னே கத்திச் சொல்லு. அப்பா கையில இருக்கறது விஷம்."