கிடாவின் கொம்பு

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் வருஷ வறட்சியில் டின்பாட் ஓடையின் மீன்கள் கரையேறி என் மதுக்கடை நிழலில் வந்து நின்றன. நான் விரட்டவில்லை. சண்டை போடாத வாடிக்கையாளர்கள் அவை மட்டும்தான்.

அந்தக் கோடையில் பில்பீம் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். ஊர் ஊராகப் போய்க் கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பவன். வழியில் வண்டி கவிழ்ந்து எல்லாத் தகடும் நொறுங்கி, ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதில் ஒரு பண்ணைக்காரரின் பரிசு வாங்கிய செம்மறிக் கிடா நின்றது. பழைய படத்தைச் சுரண்டி, சாராயம் விட்டு அழுத்தித் துடைத்தால் கண்ணாடி புதிதாகிவிடும். என் கடையில் சரக்கு தீர்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அவனுடைய கண்ணாடி துடைக்கிற சாராயத்தை வந்த அன்றிரவே இருவருமாகக் குடித்துவிட்டோம்.

மறுநாள் விடியலில் ஹொனோரா கெராட்டியின் மகள் டெலியா காய்ச்சலில் இறந்தாள். ஒன்றரை வயது. அந்த வெயிலில் நண்பகலுக்குள் புதைத்தாக வேண்டும். தேயிலைப் பெட்டியை அறுத்து நான்தான் சவப்பெட்டி செய்தேன். தங்கம் தேடி வடக்கே போன ஹொனோராவின் கணவன் மகளைப் பார்த்ததே இல்லை.

ஹொனோரா பில்பீமின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ அப்பன் வந்து கேட்டா நான் எதைக் காட்டுவேன்? ஒரே ஒரு படம், ஐயா. மூஞ்சி மட்டும் போதும்."

"கண்ணாடி சுத்தமா இல்லம்மா."

"கை ஏன் இப்படி நடுங்குது? குடிச்சிருக்கீங்களா?"

"அவனுக்குப் பிறந்ததுலேர்ந்தே அப்படித்தாம்மா," என்றேன் நான்.

பில்பீம் என்னை ஒரு பார்வை பார்த்தான். எச்சிலும் சாம்பலும் போட்டு, விரலில் ரத்தம் வரும்வரை தகட்டைத் தேய்த்தான். மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்தான்.

"இவ்வளவு ஆடாம யாரும் படத்துக்கு உக்காந்ததே இல்ல," என்றான். அழுதுகொண்டிருந்தான்.

படம் எழுந்து வந்தது. மூடிய கண், சின்ன வாய், எல்லாம் டெலியாதான். நெற்றியின் இரண்டு பக்கமும் சுருண்ட கொம்பு.

"ஐயோ, எம்புள்ளைக்குக் கொம்பா!"

"பழைய படம்மா அது. தொடாதீங்க! பாலாடை மாதிரி, கையோட வந்துடும்!"

அதற்குள் அவள் கட்டைவிரலை வைத்துவிட்டாள். இடது கொம்பு போயிற்று. இடது கண்ணும் கூடவே போயிற்று.

"இன்னொன்னு எடுங்க."

"கண்ணாடி இல்லம்மா."

ஊரில் ஜன்னலுக்கெல்லாம் சாக்குத்துணிதான். என்னிடம் புட்டிகள் இருந்தன. புட்டி உருண்டை; படத்துக்குத் தட்டைக் கண்ணாடி வேண்டும்.

வலது கொம்பின்மேல் அவள் விரல் நெடுநேரம் நின்றது. அதன் கீழேதான் மற்றக் கண் இருந்தது. விரலை எடுத்துக்கொண்டாள்.

நான்கு வருஷம் கழித்து அவள் கணவன் கெராட்டி வந்தான். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தான்.

"நீ அவளைப் பாத்திருக்கல்ல? சொல்லேன். எப்படி இருந்தா?"

முதலையைக் கலப்பையில் பூட்டி உழுத கதையை என் கடை மேசையில் உட்கார்ந்து ஊரையே நம்பவைத்தவன் நான். அன்று என் வாயில் ஒன்றுமே வரவில்லை.