அன்னக்கொடியின் மோட்டார்க்காரன்

எங்காவது ஒரு கொலை நடந்தால் பத்தாம் நாள் சவரியப்பனின் பாட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். பேப்பரில் வரும் நாலு வரி போதும் அவருக்கு. மதுரையில் எட்டுப் பக்கப் புத்தகமாக அச்சடித்துக்கொண்டு, கஞ்சிராவோடு கிளம்பினால் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று சந்தை சந்தையாகப் பாடிவிட்டு வீடு திரும்ப ஒரு மாதமாகும். அவர் எழுதியதிலேயே நன்றாக ஓடியது அன்னக்கொடி கொலைச்சிந்து. கொட்டாம்பட்டிப் பக்கம் கிணற்றில் பிணமாக மிதந்த ஒருத்தியின் கதை. புருஷனைப் போலீஸ் பிடித்துப்போன மறுவாரமே பாட்டு வந்துவிட்டது.

அது வந்து இரண்டு வருஷம் கழித்து, எழுபத்தொன்பது மாசியில், வாடிப்பட்டிக்குத் தெற்கே நெடுங்கரை என்ற ஊரில் சாமி கும்பிட்ட மறுநாள் பாட வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். கண்மாய்க்கரையில் நாயக்கர் காலத்துக் கல்மண்டபம். அறுபது பேர் உட்கார்ந்தால் முட்டிக்கு முட்டி இடிக்கும். சந்தை இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தியே பழகியவருக்கு, முணுமுணுத்தாலும் கடைசித் தூண் வரை கேட்கும் இந்த இடம் பிடித்துப்போயிற்று. வெளியே மூன்று மணி வெயில். அவர் குரலை இறக்கி, நிறுத்தி நிதானமாகப் பாடினார். கிணற்று மோட்டாரை ரிப்பேர் பார்க்க வந்த கள்ளக்காதலனின் அடி வந்தது.

“மோட்டாரு பாக்க வந்தவன் – அவ
மோகத்தைப் பாத்து நின்னவன்…”

கூட்டமும் சேர்ந்து பாடியது. அப்போது முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். முப்பது வயதிருக்கும்.

“பாட்டுக்காரரே, அந்த மோட்டார்க்காரன் பேரு என்ன?”

கஞ்சிரா நின்றது. “பேரெல்லாம் எதுக்குத் தாயி?”

“நான் ஒச்சாயி. அன்னக்கொடி என் கூடப்பொறந்தவ. இந்த ஊர்லதான் என்னையக் குடுத்திருக்கு. அவ வீட்டுக் கெணத்துல மோட்டாரே கெடையாது. மாடு கட்டி எறைக்கிற கமலைதான். பெறகு எவன் வந்தான், எதைப் பாக்க?”

சவரியப்பன் கஞ்சிராவை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“கோர்ட்டுல சாட்சி சொன்ன மூணு பேரும் மோட்டார்க்காரன் வந்து போனான்னாங்க. கண்ணால பாத்தியான்னா, ஊரே சொல்லுதுன்னாங்க. அவன்தான் கொன்னிருப்பான்னு வக்கீல் சொன்னாரு. சந்தேகமா இருக்குன்னு அவ புருசனை விட்டுட்டாங்க. போன மாசம் அவனுக்கு ரெண்டாங் கல்யாணம்.”

பாட்டு எழுதிய அந்தச் சாயங்காலம் சவரியப்பனுக்கு நன்றாக நினைவிருந்தது. பொண்டாட்டியை அடித்துக் கிணற்றில் தள்ளிய கதை ஊருக்கு ஊர் இருக்கிறது, அதை யார் நின்று கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அச்சாபீஸில் அன்று மோட்டார் ரிப்பேர். ஒருத்தன் குனிந்து திருகிக்கொண்டிருந்தான். டீ ஆறுவதற்குள் அந்த அடி விழுந்துவிட்டது.

கேள்விப்பட்டதைத்தான் எழுதினேன் என்று சந்தையில் யாரிடமும் சொல்லித் தப்பித்திருப்பார். இங்கே ஒச்சாயியின் முகம் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

“நானாச் சேத்ததுதான் தாயி. மோனை நல்லா விழுந்துச்சு.”

“அதை என்கிட்டச் சொல்லாதீங்க. இவுங்ககிட்டச் சொல்லுங்க.”

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “அப்படி ஒருத்தன் கெடையாது. நான் இட்டுக்கட்டுனது. அந்தப் பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்லை.”

அவரைக் கூப்பிட்டுவந்த பேயாண்டி சிரித்தான். “விடுங்கண்ணே. பொம்பளை அழுதா நீங்களும் எறங்கிப் போயிருறீங்க.”

“நான் அழலை,” என்றாள் ஒச்சாயி.

“அப்படி ஒருத்தன் இல்லாமலா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “எங்க மச்சினன் அந்த மோட்டார்க்காரனைக் கொட்டாம்பட்டி டீக்கடையில வச்சே பாத்திருக்கானப்பா.”

யாரோ கை தட்டி அந்த அடியை எடுத்தார்கள். நாலு பேர் சேர்ந்தார்கள். பிறகு மண்டபமே பாடியது. கஞ்சிரா தேவைப்படவில்லை. “நிறுத்துங்கப்பா!” என்று சவரியப்பன் கத்தினார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. ஒச்சாயி வெளியே நடந்தாள். பாட்டை நிறுத்தாமலே முட்டியை மடக்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் புதுப் பாட்டு எழுதினார். கமலைக் கிணறு, குடிகாரப் புருஷன், பொய்ச்சாட்சி எல்லாம் அதில் இருந்தது. தன் பாட்டால் வந்த வினை என்றும் ஓரடி எழுதினார். வாடிப்பட்டிச் சந்தையில் பாடினார். கூட்டம் கொஞ்சநேரம் மோட்டார்க்காரனை எதிர்பார்த்து நின்றது. அவன் வரவில்லை என்றதும் கலைந்தது. “முக்கியமானதை விட்டுட்டீங்களேண்ணே,” என்று ஒருத்தர் அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் உசிலம்பட்டியில் பழைய பாட்டையே எடுத்தார். போகிற ஆட்களெல்லாம் திரும்பி வந்து நின்றார்கள்.

அதற்கப்புறம் நெடுங்கரையிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.