தெர்மாமீட்டர் அக்கா

சந்தில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவது தெர்மாமீட்டர் அக்கா என்றுதான். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது, கூப்பிடத்தான் ஆள் இல்லை.

பன்னிரண்டு வருஷமாகச் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். பெட்டிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி, "இந்தச் சூட்டுக்குப் பட்டு கருகிடும்" என்றோ, "பருத்திக்கு இது பத்தாது" என்றோ சொல்வாள். சொன்னால் சொன்னதுதான். மேஸ்திரி கூட மெஷினில் இருக்கிற முள்ளை நம்பமாட்டார், அவள் கையைத்தான் நம்புவார். அந்தப் பெருமை எப்படியோ சந்து வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. யார் வீட்டுப் பிள்ளை சிணுங்கினாலும், "தெர்மாமீட்டர் அக்காகிட்ட காட்டு" என்பார்கள். அவளும் நெற்றியில் கை வைத்து, காய்ச்சல் உண்டு இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். காசா பணமா, கைதானே என்று நினைத்தாள். பாவி, அந்தக் கையை அவளே ரொம்ப நம்பிவிட்டாள்.

அவளுக்கு ஒரே மகள், ஒன்றரை வயசு. கொழுகொழுவென்று இருப்பதால் வீட்டில் அவளுக்கு உருண்டை என்று பெயர். அந்த உருண்டைக்கு மூன்று நாளாக இருமல். மூன்றாம் நாள் சாயங்காலம் சோற்றைத் துப்பிவிட்டு அப்பாவின் தோளில் துவண்டு கிடந்தாள். அக்காவின் புருஷன் ஒரு கிடங்கில் இரவுக் காவல்காரன். வேலைக்குக் கிளம்பும்போது சொன்னான்:

"ஏம்மா, புள்ளைக்கு உடம்பு சுடுதே."

அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"எங்க சுடுது? இப்பதான தொட்டியில முங்கிக் குளிச்சிட்டு வந்தீங்க. சில்லிட்ட கைக்கு எல்லாம் சுடத்தான் செய்யும்."

"இல்லம்மா, நல்லா பாரு..."

"எனக்கேவா? ஊரே என்கிட்ட வந்து காட்டுது, நீங்க எனக்குப் பாடம் எடுக்கறீங்க!"

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். வாதாடுகிற ஆள் இல்லை அவன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம்.

மறுநாள் காலையில் அவன் திரும்பி வந்ததும் அவள் கிளம்பினாள். குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடி தொட்டுப் பார்த்தாள். அவள் கைக்கு எப்போதும் போலத்தான் இருந்தது. "ராத்திரியெல்லாம் இருமிட்டு இப்பதான் கண்ணசந்தா. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எழுப்பாதீங்க, தூங்கட்டும். தூங்கினாலே பாதி சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

குழாயடியில் எதிர்வீட்டுத் தையல்காரி தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வயசு, சந்து முழுக்க அவனை வாலு என்றுதான் கூப்பிடும். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்கமாட்டான். "அக்கா, இவனையும் கொஞ்சம் தொட்டுப் பாத்துட்டுப் போங்களேன். இருமிக்கிட்டே இருக்கான், பாலும் வேணாங்கறான்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நின்ற இடத்திலேயே நெற்றியில் கை வைத்தாள். "பச்சத்தண்ணியா இருக்கான்டி. தூங்க வை, எழுப்பாத" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சலவைக் கூடத்தில் அன்றைக்கு மலை மாதிரி விரிப்புகள் குவிந்திருந்தன. அவள் மேஜையை ஒட்டி ஒரு நீராவிக் குழாய் போகும். இடுப்பு வலித்தால் அதில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பது அவள் வழக்கம். பதினோரு மணி வாக்கில், வேலைக்குச் சேர்ந்து நாலே நாள் ஆன ஒரு பெண் தெரியாமல் அந்தக் குழாயைப் பிடித்துவிட்டு, "ஐயோ அம்மா!" என்று துள்ளினாள். அவளுடைய விரல்கள் சிவந்துபோயின.

"எங்கடி சுடுது? வெதுவெதுன்னுதான இருக்கு. இதுக்கே இப்படிக் குதிக்கிறியே, பெட்டியப் புடிச்சா என்ன பண்ணுவ?" என்று சிரித்துக்கொண்டே குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள்.

வைத்த வேகத்தில் முழங்கையும் குழாயில் பட்டது. சுரீர் என்றது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது. மெதுவாக, வேண்டுமென்றே, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். உள்ளங்கை வெதுவெதுப்பு என்றது. முழங்கைக்குத் தாங்க முடியவில்லை. ஒரே குழாய்தான். பன்னிரண்டு வருஷச் சூட்டில் அந்த உள்ளங்கை செருப்புத் தோலாகிவிட்டிருந்தது. கொதிக்கிற பெட்டியின் சூடு அதற்குத் தெரியும், கொதிக்கிற பிள்ளையின் சூடு தெரியாது.

"ஏம்மா, புள்ளைக்கு உடம்பு சுடுதே."

அவன் சொன்னது காதுக்குள்ளேயே கேட்டது. போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. இரவெல்லாம் கண்விழித்த மனுஷன் தூங்கியிருப்பான். மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. "எழுப்பாதீங்கன்னு சொன்னேனே, நானே சொன்னேனே" என்று வாய்விட்டுச் சொன்னபடி, பெட்டியைக் கூட அணைக்காமல் ஓடினாள். பின்னால் மேஸ்திரி கத்தியது அவள் காதில் ஏறவே இல்லை.

பஸ்ஸில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஏறுகிறவர்களை எல்லாம் மனசுக்குள் திட்டினாள். ஒன்றும் ஆகியிருக்காது, போனதும் "அம்மா" என்று சிணுங்கிக்கொண்டு வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லப் பயம்தான் கூடியது.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. இரண்டு கையாலும் தட்டினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தான்.

"என்ன இந்நேரத்துக்கே வந்துட்ட?"

"புள்ள எங்க?"

"தூங்குது. காலையிலருந்து அசையவே இல்ல. நல்ல தூக்கம்."

பாயில் குழந்தை அவள் காலையில் விட்டுப்போன மாதிரியே கிடந்தது. அதே பக்கம், அதே கை. மண்டியிட்டு, இந்தத் தடவை கையை வைக்காமல் கன்னத்தை அதன் கழுத்தில் வைத்தாள். நெருப்பு.

"உருண்டை... அம்மாடி... எழுந்திரு கண்ணு."

கண் பாதி திறந்தது. வெள்ளைதான் தெரிந்தது. டம்ளரை வாயில் வைத்தாள். தண்ணீர் உள்ளே போகவில்லை, கடைவாய் வழியாக வழிந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. ஓடி வந்த நாய்க்குட்டி மாதிரி மூச்சு வாங்கியது.

"சுடுதுன்னு சொன்னேனே" என்று அவன் முனகினான். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் கொன்றது. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் அவன் முன்னால் ஓட, அவள் பின்னாலேயே ஓடினாள்.

சுகாதார நிலையம் மூன்று தெரு தள்ளி. வரிசையில் நின்றவர்கள் குழந்தையின் தலை தொங்குவதைப் பார்த்ததும் தாங்களே வழி விட்டார்கள். நர்ஸம்மா குழந்தையை மேஜையில் கிடத்தி, சட்டையைத் தூக்கினார். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணினார். அந்த ஒரு நிமிஷம் முடிவதாகவே இல்லை.

"மூச்சு அறுபத்தெட்டு! டாக்டரைக் கூப்பிடு, சீக்கிரம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். திரும்பி, "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்டார்.

புருஷன் அவளைப் பார்த்தான். "இல்லைன்னு நினைச்சேன்மா... தொட்டுப் பாத்தேன். சூடே தெரியல. என் கை செத்த கைம்மா, எனக்குத் தெரியல."

நர்ஸம்மா ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார்.

திரைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே ஏதோ மெஷின் புஸ்ஸென்று காற்று விட்டது, டாக்டர் ஊசி கேட்டார், யாரோ நடந்தார்கள். குழந்தையின் சத்தம் மட்டும் வரவில்லை. ஒரு தடவை அழுதுடு கண்ணு, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாள். புருஷன் அவள் தோளில் கை வைத்தான். தட்டிவிட்டாள். பிறகு அதே கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து உள்ளே ஒரு சிணுங்கல் கேட்டது. அப்புறம் கம்மிய குரலில் ஓர் அழுகை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "இன்னும் ஆபத்து தாண்டல. ஆனா அழறா, அது நல்லது. எழுப்பியும் எழுந்திரிக்காமக் கிடந்தா பாருங்க, அதுதான் பயம். இருமல் இருக்கற புள்ள பால் வேணாங்குது, அசந்து அசந்து தூங்குதுன்னா, சூடு இருக்கோ இல்லையோ, தூக்கிட்டு வந்துடணும். இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தீங்கன்னா..."

அவள் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். இருமல், பால் வேண்டாம், தூக்கம். காலையில், குழாயடியில், இதே கை.

துள்ளி எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துத் தையல்காரிக்குப் போட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பு நம்பர் போனது. மூன்றாவது தடவை மணி அடித்தது. பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தத்தோடு குரல் வந்தது.

"சொல்லுங்கக்கா! உருண்டைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்களாமே, எப்படி இருக்கா?"

"உன் புள்ள எங்கடி? வாலு எங்க?"

"அவனா? நீங்க தொட்டுப் பாத்த நேரமோ என்னவோக்கா, அப்ப படுத்தவன்தான். ஒரு சத்தம் இல்ல. நீங்க சொன்ன மாதிரி எழுப்பவே இல்ல."

"எழுப்புடி!" அவள் போட்ட கூச்சலில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். "என் கைய நம்பாத! மெஷின நிறுத்திட்டு இப்பவே போய் அவனை எழுப்பு!"

தையல் மெஷின் நின்றது. செருப்புச் சத்தம் கேட்டது. "டேய் வாலு... எழுந்திருடா... டேய்..." என்று தையல்காரி தூரத்தில் கூப்பிடுவது கேட்டது. முதலில் செல்லமாகத்தான் கூப்பிட்டாள்.