நிக்கிற பிடில்

1

இந்தக் கதை எதிர்வீட்டுப் பெண் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. "முதல் தடவையா பேஸ் கிட்டார் வாங்கப் போறேன் சார், விலை குறைவா எதை வாங்கலாம்?" என்றாள். கேட்ட இடம் சரியில்லை. எனக்கு வாத்தியத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் கேள்வி ஒட்டிக்கொண்டது. வாசிக்கத் தெரியாமல், கையிலும் காசு இல்லாமல், பெரிய ஓசைக்கு ஆசைப்படுகிற ஆளை எனக்குப் பிடிக்கும். அப்படி ஒருவனை 1936இல், கம்பத்துக்குத் தெற்கே ஒரு கிறிஸ்தவ ஊரில் கொண்டுபோய் நிறுத்தினேன். (ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் நாலு ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

2

முதல் தொடக்கம்: "மலைமேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு" — வேண்டாம். பனியை வைத்து எத்தனை பேர்தான் பிழைப்பது.

இரண்டாவது தொடக்கம்: ஞானமுத்து குமுளி மலையேறி எஸ்டேட்டுகளுக்கு வெற்றிலை சுமப்பவன். ஒரு சாயங்காலம் வெள்ளைக்காரர்களின் கிளப்பைக் கடந்தபோது உள்ளே ஆட்டம் நடந்தது. எல்லா வாத்தியத்துக்கும் அடியில் ஒன்று தும், தும் என்று நடந்து போனது. அது நேரே வந்து அவன் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. சுமையோடு அப்படியே நின்றுவிட்டான். அவனுடைய ஊர்க் கோயில் பாட்டில் ஆர்மோனியம் இருந்தது, பிடில் இருந்தது, அடியில் ஒன்றும் இல்லை. அந்த இடம் தனக்காகத்தான் காலியாகக் கிடக்கிறது என்று நினைத்தான், பாவி.

ஞானமுத்து கீழத்தெருக்காரன். கீழத்தெரு ஆட்கள் பூசை நேரத்தில் இடதுபக்கம் கடைசியில் நிற்பார்கள். பாடகர் மாடத்துப் படியில் அவர்களில் ஒருவரும் கால் வைத்ததில்லை. பாட்டுக்குழுத் தலைவர் லூர்துநாதனிடம் போய்க் கேட்டான். அவர் பெரிய வெற்றிலைக் கொடிக்கால்காரர். சிரித்துக்கொண்டே, "வாத்தியத்தோட வா ஏலே, எடம் தர்றேன்," என்றார். எங்கே வாங்கப்போகிறான் என்ற தைரியம்தான்.

3

ஞானமுத்து கிடேரிக் கன்றை விற்றான். கிளப்பில் பழசைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். சாமான் அறையில் ஆள் உயரத்துக்கு இரண்டு பிடில்கள் நின்றன; அந்தத் தும், தும் போட்டவை, பேஸ் கிட்டாருக்குப் பாட்டன். ஒன்று பளபளவென்று இருந்தது; அதற்குத் தாய்ப்பசுவையும் சேர்த்து விற்க வேண்டும். மற்றதற்கு வயிற்றில் கீறல், தந்தி ஒன்று குறைவு. சந்தையில் பானை வாங்குகிறவன் மாதிரி இரண்டையும் தட்டிப் பார்த்தான். மலையாளத்துக்காரரான பட்லர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தட்டி நோக்கிட்டு ஒரு காரியமும் இல்ல. கழுத்து வளைஞ்சிருக்கான்னு பாரு. நேரா இருந்தா மதி, அது போதும்."

கீறல் விழுந்ததன் கழுத்து நேராக இருந்தது. வாங்கினான்.*

(* எதிர்வீட்டுப் பெண்ணிடமும் கழுத்தைப் பார்த்து வாங்கச் சொன்னேன். அவள் ஏற்கெனவே வாங்கிவிட்டாளாம்.)

4

வாத்தியம் வண்டியில் வந்து இறங்கியதும் கீழத்தெரு முழுக்கக் கூடி, 'நிக்கிற பிடில்' என்று அதற்குப் பெயர் வைத்தது. இனி படி ஏற வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் தப்பு நடந்தது. அந்த ஊரில் கலப்பையோ தையல் மிஷினோ, புதுப்பொருள் எதுவானாலும் முதலில் அந்தோணியார் காலடியில் வைத்து மந்திரித்துத்தான் எடுப்பார்கள். மறுநாள் அந்தோணியார் திருவிழா.

"எல்லாரும் அப்படித்தான செய்றாக. திருநாளும் அதுவுமா வச்சு எடுத்துட்டு, அப்படியே மாடத்துக்கு ஏறிருங்க," என்றாள் அவன் மனைவி வியாகுலமேரி.

வைத்தான். மற்ற நாளில் காலடியில் வைத்ததை எடுத்துக்கொண்டு போகலாம். திருவிழா அன்று வைத்தால் அது காணிக்கை. ஆடு, கோழி, வாழைத்தாரோடு சேர்ந்து ஏலத்துக்குப் போகும். ஊரில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வழக்கம். சந்தோஷத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் மறந்துபோனது.

"நான் மந்திரிக்கத்தான வச்சேன், உபதேசியாரே."

"வச்சது வச்சதுதான். அந்தோணியாருக்குப் போனதைத் திருப்பிப் புடுங்கச் சொல்றியா? வேணும்னா ஏலத்துல நீயும் கேளு," என்றார் சாமியாருக்கு அடுத்தபடி கோயிலைப் பார்த்துக்கொண்டு ஏலமும் போடுகிற உபதேசியார்.

எதை வைத்துக் கேட்பான்? கன்று விற்ற காசு மலைமேல் பட்லரிடம் இருக்கிறது.

5

லூர்துநாதன் ஏலம் கேட்டார். முதலில் அவரைச் சதிகாரராக எழுதினேன்: "முந்தின நாளே உபதேசியாரைத் தனியாகக் கூப்பிட்டு" — அடித்துவிட்டேன். அவர் எதற்கு மெனக்கெட வேண்டும்? எல்லாவற்றையும் வழக்கமே பார்த்துக்கொள்கிறது. அவர் கையை மட்டும் தூக்கினார். இனி வாத்தியம் மாடத்துக்கு வந்துவிடும், ஆள் வரவேண்டியதில்லை.

வியாகுலமேரி அவர் முன்னால் போய் நின்றாள். "வாத்தியத்தோட வந்தா எடம் தர்றேன்னு சொன்னீகளே."

"சொன்னேன் ஆத்தா. இப்ப அது அவன் வாத்தியமா?"

இந்த வரியையும் அடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த மனிதர் பொய்யும் சொல்லவில்லை.

6

முடிவுகள்.

(அ) லூர்துநாதன் ஏலத்தில் எடுத்து, "நீயே வாசி" என்று ஞானமுத்துவிடம் கொடுக்கிறார். என் வீட்டில் படித்துவிட்டு, "இது எந்த ஊர்ல?" என்று கேட்டார்கள். கிழித்துப் போட்டேன்.

(ஆ) ஞானமுத்து பிடிலைப் போட்டு உடைக்கிறான். மாட்டான். கழுத்து நேராக இருக்கிறதைப் பார்த்துப் பார்த்து வாங்கியவன்.

(இ) பிடில் மாடத்துக்கு ஏறுகிறது. அங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாததால் மூலையில் சும்மா நிற்கிறது. ஞானமுத்து இடதுபக்கம் கடைசியில் நின்று ஞாயிறுதோறும் அண்ணாந்து பார்க்கிறான். இதுதான் நடக்கும். இதை முழுசாக எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகையால் ஏலத்திலேயே நிறுத்துகிறேன். கீழத்தெரு மொத்தமும் அங்கேதான் நிற்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் லூர்துநாதனை மிஞ்சிவிடலாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. விடிந்தால் அவர் கொடிக்காலுக்குத்தான் வேலைக்குப் போகவேண்டும். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. உங்களையும் கூட்டத்தின் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறேன், மடியில் பணமும் வைத்திருக்கிறேன்.

"ஒரு தரம்," என்கிறார் உபதேசியார். ஞானமுத்து தரையைப் பார்க்கிறான்.

"ரெண்டு தரம்."

வியாகுலமேரி திரும்பி உங்களைப் பார்க்கிறாள்.