விளக்குக் கட்சியும் வேர்க் கட்சியும்

அந்த வரலாற்றுத் துறையில் பேராசிரியர்கள் இரண்டு பேர். அறிவு எத்தனை பேருக்கு இருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. வெள்ளைக்காரன் ஆண்ட நூற்றாண்டில் திடீரென்று பத்திரிகைகளும் சங்கங்களும் சீர்திருத்தப் பேச்சுகளும் கிளம்பினவே, அந்த மறுமலர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதில்தான் இருவருக்கும் முப்பது வருடச் சண்டை. இருட்டில் கிடந்த நமக்கு அவன்தான் பள்ளிக்கூடமும் அச்சகமும் கொண்டுவந்து விளக்கேற்றினான் என்பார் பெரியவர். அதெல்லாம் சும்மா, நம்முடைய பழைய வேரிலிருந்து தானாகத் துளிர்த்தது என்பார் சின்னவர். ஆகவே மாணவர்களுக்கு ஒருவர் விளக்கு, இன்னொருவர் வேர். வேர் கட்டியிருந்தது விளக்கின் தங்கையைத்தான். மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டு ஒரே காரில் வீட்டுக்குப் போவார்கள்.

இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் தற்காலிக விரிவுரையாளர். பதினோரு வருடமாகத் தற்காலிகம். கோடை வந்தால் வேலை போகும், விடுமுறை முடிந்தால் புது ஆணை வரும். "உன் வேலை பால் பாக்கெட் மாதிரிதான், தேதி போட்டுத்தான் வருது" என்பான் கணவன். முதல் வருடம் அவளும் சிரித்தாள். இப்போது ஒரு நிரந்தர இடம் காலியாகியிருந்தது. தேர்வுக் குழுவில் விளக்கு, வேர், வெளியூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர். கருத்தரங்கில் அவள் கட்டுரை படிக்க வேண்டும், அன்று மாலையே முடிவு.

அவள் இத்தனை நாள் பிழைத்த வழி சுலபமானது. விளக்கின் அறையில் விளக்குக் கட்சி, வேரின் அறையில் வேர்க் கட்சி. இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த தண்ணீர்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கட்சி மாறிக்கொள்வாள்.

அந்தத் துறையில் இன்னொரு கூத்தும் உண்டு. கட்டுரை படித்ததும் பேராசிரியர்கள் பதிலுரை படிப்பார்கள். அந்தப் பதிலுரையை முந்தின வாரமே எழுதி அச்சடித்து வைத்துவிடுவார்கள். யாரும் புதிதாக எதையும் சொல்லிவிட மாட்டார்கள் என்பதில் அவ்வளவு நம்பிக்கை.

கருத்தரங்கு நாளன்று காலையில் தேநீர்க் கோப்பையோடு வேர் வந்தார். "உனக்கான பதிலுரை பிரமாதமா வந்திருக்கும்மா."

"கட்டுரையை இன்னும் உங்ககிட்ட குடுக்கவே இல்லையே சார்."

"எதுக்கு? நீ நம்ம பக்கம்தானே. என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் நகர்ந்ததும் விளக்கு வந்து காதோடு சொன்னார். "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு இருக்கு. நீ தைரியமா படி, நான் பார்த்துக்கறேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்காத கட்டுரைக்குப் பதில் எழுதுகிற இந்த ஜென்மங்களிடமா பதினோரு வருடம் பல்லைக் காட்டினோம் என்று இருந்தது. பையில் இரண்டு கட்டுரைகள் இருந்தன. ஒன்று இருவருக்கும் நோகாத வழவழா. மற்றது அவள் ஐந்து வருடம் ஊர் ஊராய் அலைந்து எழுதியது. வேலை போனால் போகட்டும் என்று இரண்டாவதை எடுத்துக்கொண்டு மேடையேறினாள்.

குரல் நடுங்காமல் படித்தாள். மறுமலர்ச்சி என்று பெயர் வைத்தவர்கள் அரசாங்கச் சம்பளம் வாங்கிய சில நூறு குடும்பங்கள் என்றாள். தறிக்காரரும் உழவரும் அந்தக் காலத்தில் தூங்கவே இல்லை, அவர்களை எழுப்ப விளக்கும் தேவைப்படவில்லை, வேரும் தேவைப்படவில்லை என்றாள். தாங்கள் விழித்ததையே நாடு விழித்ததாக எண்ணிய அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கும் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்று அந்த இருவரின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். விளக்கு பதிலுரையில் ஒரு காற்புள்ளியைத் திருத்திக்கொண்டிருந்தார். வேர் கைபேசியில் இருந்தார்.

விளக்கு எழுந்தார். "அந்நியர் தந்த ஒளியை இவ்வளவு துணிச்சலாக ஒப்புக்கொண்ட கட்டுரையை நான் கேட்டதில்லை" என்று வாசித்தார். வேர் எழுந்தார். "நம் வேரின் வலிமையை இந்தச் சகோதரி ஐயமற நிறுவிவிட்டார்" என்று வாசித்தார். அரங்கம் கைதட்டியது. மாலையில் அவளை மாடியில் தேர்வுக் குழுவின் அறைக்குக் கூப்பிட்டபோது விளக்கு முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்: "எங்க ரெண்டு பேருக்கும் முழுச் சம்மதம். முப்பது வருஷத்துல நானும் மாப்பிள்ளையும் ஒத்துப்போன முதல் விஷயம் நீதாம்மா."

"மச்சான் சொல்றது சரிதான்" என்றார் வேர்.

வெளியூர்ப் பேராசிரியை மட்டும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவர் முன்னால் இரண்டு பக்கம் நிறையக் குறிப்புகள். "எனக்கு ஒரு சந்தேகம்மா. நீங்க இவங்க ரெண்டு பேர் சொல்றதும் தப்புன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே. அந்தத் தறிக்காரங்க பத்திச் சொன்னது ரொம்ப முக்கியமான விஷயம். அதை இன்னும் கொஞ்சம் கேக்கணும்னு ஆசை."

விளக்கும் வேரும் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்கள். உண்மையிலேயே பார்த்தார்கள். ஐந்து வருட உழைப்பைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே மனுஷி எதிரில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தார்.

அவள் விளக்கையும் வேரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "இல்லைங்க மேடம். நான் அப்படிச் சொல்லலை. நீங்க சரியா கவனிக்கலை போல."

"அப்படியா?" பேராசிரியையின் முகம் சுருங்கிப்போனது. "மன்னிச்சுக்கோங்கம்மா. வயசாயிடுச்சு இல்ல."

விளக்கும் வேரும் பெருந்தன்மையோடு சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். தன் மூஞ்சியில் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனாலும் சிரித்தாள். பேராசிரியை குனிந்து, எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் குறுக்காகக் கோடிழுத்து அடித்துவிட்டு, அவளுடைய நியமன ஆணையில் கையெழுத்துப் போட்டார்.